வெள்ளை சோபாவும் மாமாவின் வலது கண்ணும்

தம்பிக்கு மாற்றல் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சாமான் கூடிவிடும். போன தடவை டிரெட்மில் வந்தது. அதில் இப்போது துண்டும் உள்பாவாடையும் நன்றாகக் காய்கின்றன. இந்தத் தடவை சோபா. மூன்று பேர் உட்காரலாம், வெள்ளைவெளேர். "புதுசு மாதிரியே இருக்கு பாருக்கா" என்றான். கல்யாணமும் ஆகாமல், வீட்டில் குழம்பும் வைக்காமல் இருக்கிறவனுடைய சோபா வேறு எப்படி இருக்கும்? இவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல இருந்து வர்றது எல்லாமே பெரிய சைஸ்தான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஹால் சுவர் ரோஸ் கலர். அந்தச் சுவரில் சாய்த்துப் போட்டதும், ரிசப்ஷன் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடப் போன பிறகு மேடையில் மிஞ்சும் நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. சோபாவை மாற்ற முடியாது, சுவரை மாற்றலாம் என்று முடிவானது. அப்போது இது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

மகள் உடனே பாடம் நடத்தினாள். ஒரு அறையில் 60 சதவீதம் ஒரு நிறம், 30 சதவீதம் இன்னொன்று, மிச்சம் 10 சதவீதம் மட்டும் எடுப்பாக ஏதாவது. உள் அலங்காரக்காரர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்களாம். சரி, கணக்குப் போடலாம் என்று ஹாலைப் பார்த்தேன். நகைக்கடை கொடுத்த சிவப்பு காலண்டர். ஜவுளிக்கடை கொடுத்த அதைவிடச் சிவப்பு காலண்டர். சிவப்பு சீரியல் பல்பு எரியும் முருகர். இவருடைய ஆபீஸ் கேரம் போட்டி ஷீல்டு, அதன் பக்கத்தில் ஊட்டியில் வாங்கிய ஏதோ ஒரு பறவை. மழைக்காலத்துக்கென்று ஜன்னலுக்கு ஜன்னல் கட்டி, பிறகு கோடையிலும் அவிழ்க்காத பச்சை நைலான் கயிறு. பத்து சதவீத ஒதுக்கீடு முருகரோடே முடிந்துவிட்டது. கேரம் ஷீல்டைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு இவர் முகம் போன போக்கைப் பார்த்து, முருகரையே கழற்றினாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெயிண்ட் கடையில் ஷேடு கார்டை விரித்தார்கள். வெள்ளையில் மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை, ரோஸ் எட்டிப் பார்க்கும் வெள்ளை. அதுவரை எனக்கு வெள்ளை என்றால் வெள்ளை. அவற்றை வரிசையாகப் பார்த்த பிறகு, சோபா எந்த வெள்ளை என்பதே மறந்துபோனது. "ஒரு தடவை மெஷின்ல போட்டு கலந்துட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்" என்று கடைப்பையன் வேறு சொல்லிவிட்டான். தாலி கட்டும்போதுகூட யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சாம்பிள் டப்பா வாங்கி வந்து சுவரில் கட்டம் கட்டமாக அடித்துப் பார்த்தோம். கடையில் சந்தனமாக இருந்தது வீட்டில் பாசிப்பருப்பாக இருந்தது. கடை லைட்டின் வேலை அது என்றாள் மகள். எங்கள் ஹாலில் ஒரு பக்கம் 6500 கெல்வின் எல்இடி டியூப், பால் வெளிச்சம். சோபா பக்கம் இவர் ஆசைப்பட்டு மாட்டிய 3000 கெல்வின் பல்பு, மஞ்சள் வெளிச்சம். இரண்டையும் போட்டால் ஒரே சுவர் பாதி ஆஸ்பத்திரி, பாதி டிபன் கடை.

சரி, லைட்டே வேண்டாம், பகலில் பார்ப்போம் என்றால் அங்கேதான் பெரிய வில்லன். பக்கத்து வீட்டுக்காரர் போன தைக்கு அடித்தாரே கிளிப்பச்சை, அந்தச் சுவர் எங்கள் ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆறடியில் நிற்கிறது. காலை வெயில் நேராக அதில் பட்டு, தெறித்து, எங்கள் ஹாலுக்குள் வருகிறது. நாங்கள் எந்த வெள்ளையை அடித்தாலும் பதினொரு மணி வரைக்கும் அது பச்சைதான். சோபாவும் பச்சை. காலையில் பேப்பர் படிக்கும் இவரும் பச்சை. எங்கள் ஹால் கலரை மாற்ற வேண்டுமென்றால் அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதற்கு அவரிடம் பேச வேண்டும். முருங்கைமரப் பஞ்சாயத்துக்கு அப்புறம் அவரோடு யார் பேசுவது?

பெயிண்டர் அண்ணனுக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. எதைக் காட்டினாலும், "காய்ஞ்சா லைட் ஆயிடும்கா" என்பதுதான் பதில். அது அவர் அப்பாவோடு சுண்ணாம்பு அடித்த காலத்துப் பாடம். ஈரத்தில் சுண்ணாம்பு ஒன்றுமே இல்லாத மாதிரி கிடக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். எமல்ஷன் நேர் எதிர், காய்ந்தால் இன்னும் ஒரு பிடி அடர்ந்துதான் நிற்கும். இதைச் சொன்னால் அவர் சிரிக்கிறார். அத்தை பங்குக்கு, "எந்தக் கலரா இருந்தாலும் ரெண்டு சொட்டு நீலம் விட்டா பளிச்சுன்னு இருக்கும், வேட்டிக்குப் போடறதில்லையா?" என்றார்கள். சிரிக்காதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. மஞ்சள் பூத்த வெள்ளையை நீலம் அமுக்கிவிடும்.

இதற்கிடையில் சோபா தன் பங்குக்கு நிறம் மாற ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியில் ஒரு சொட்டு சாம்பார். யார் என்று நான் சொல்லப்போவதில்லை, பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடுகிறவர் வீட்டில் ஒருவர்தான். நான் வருவதற்குள் துணி சோப்பை எடுத்துத் தேய்த்திருக்கிறார். மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாகிவிட்டது. மனுஷன் பயந்துபோய் விரலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகும், லேபில் இதைத்தான் செய்தோம் என்று மகள் ஆனந்தமாக எலுமிச்சையும் பிழிந்து காட்டினாள். வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளுத்துவிடும். அதற்கு உறையைக் கழற்ற வேண்டும். தம்பிக்கு போன் செய்தேன். "ஜிப் இருக்குக்கா, ஈசியா கழட்டலாம்" என்றான். கழற்றலாம். திரும்ப மாட்டுவது பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. உறைக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு இவர் போட்ட சத்தத்துக்கு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார்.

இத்தனை ரகளையிலும் மாமா கருப்புக் கண்ணாடியோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் இன்னும் பாக்கி. "ஷேடு கார்டை இங்க குடும்மா" என்றார். வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சோபாவைப் பார்த்தார். "வெள்ளை. கொஞ்சம் நீலம் கூட அடிக்குது." அப்புறம் வலது கண்ணைப் பொத்தினார். "சந்தனம்." மறுபடி மாற்றினார். "வெள்ளை." எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுவிட்டோம்.

புரை விழுந்த கண்ணில் லென்ஸ் பழுப்பேறி, நீலத்தை உள்ளே விடாதாம். அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் வைத்ததும் நீலம் மொத்தமாக வந்து கொட்டும். மோனே என்கிற பிரெஞ்சு ஓவியருக்கு 1923-இல் வலது கண்ணில்தான் புரை எடுத்தார்கள், எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவரும் புலம்பியிருக்கிறார். அவருக்காவது வரையக் குளம் இருந்தது. மாமாவுக்குக் கிடைத்தது எங்கள் ஹால். ஒரு கண்ணுக்குப் பொருந்துகிற கலர் இன்னொரு கண்ணுக்குப் பொருந்தவில்லை. "ரெண்டாவது கண்ணும் முடியட்டும், அப்புறம் ஒரே முடிவா எடுத்துக்கலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பெயிண்டர் அண்ணன் இதுதான் சாக்கு என்று மேடவாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேச வேலைக்குப் போய்விட்டார். சுவர் பாதி பட்டியும் பாதி ரோஸுமாக நிற்கிறது.

அன்றைக்கு மாமாவுக்கு விளையாட்டு நிற்கவில்லை. காலண்டரைப் பார்த்தார், முருகரைப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண். காபி கொண்டுவந்த அத்தையையும் அப்படியே பார்த்தார். "இது நீலப் புடவையா? பச்சைன்னுல்ல நெனச்சேன்?" அறுபதாம் கல்யாணத்துக்கு அவரே கடையில் உட்கார்ந்து, பச்சைதான் வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்த புடவை. நீலம் என்று அத்தை அன்றைக்கே சொன்னார்கள். சொன்னதை இன்றைக்கும் சொன்னார்கள்.

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. புதுக் கண்ணால் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலை இவ்வளவா நரைச்சுப்போச்சு உனக்கு?" என்றார். அத்தை டம்ளரை நீட்டியபடியே நின்றார்கள். மாமா கையை வலது கண்ணுக்கு மாற்றினார். "இந்தக் கண்ணுல பாத்தா நீ அப்படியேதான் இருக்கே."

"அப்ப அந்தக் கண்ணை அப்படியே விட்டுடச் சொல்லுங்க டாக்டர்கிட்ட. காபி ஆறுது" என்று அத்தை உள்ளே போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் சமையலறையில் பாத்திரச் சத்தமே இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் ஷேடு கார்டைப் பார்த்தேன்.

டாக்டர் விடுவாரா? இடது கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார். தேதி தெரிந்த அன்று சாயங்காலமே அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருதாணிப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி வரச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னாடி போட்டுவிட வேண்டுமாம். "ஊறுற வரைக்கும் ஸ்டூல்லதான் உக்காரணும் அத்தை, சோபா பக்கம் வரக்கூடாது" என்றேன். "வரலம்மா, வரல" என்றார்கள். ஆனால் மத்தியானம் இரண்டு மணி சீரியலுக்கு அத்தை சாயும் இடம் எது என்று எனக்குத் தெரியாதா?

மருதாணிக் கறை வெயிலில் வெளுக்குமா என்று மகளிடம் கேட்டேன். "மஞ்சள் மாதிரி இல்லம்மா, துணியைப் பிடிச்சா விடாது" என்றாள். ஷேடு கார்டில் செங்கல் நிறப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.