அச்சடித்த பக்கம் 18.5 மில்லிமீட்டர் தள்ளி நின்றதே, அது எங்கிருந்து வந்தது?

பெரியம்மாவின் பாட்டு நோட்டு, 186 பக்கம். போனில் ஸ்கேன் செய்தது, அதனால் ஒரு பக்கத்தின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. எல்லாவற்றையும் ஏ4 தாளில், பைண்டிங் ஓரம் 15 மி.மீ., மற்ற ஓரங்கள் 10 மி.மீ. விட்டு உட்கார வைக்க வேண்டும். பைத்தானில் பைபிடிஎஃப் (பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் மூன்று வாரமாகப் படுத்தி எடுத்தது. நேற்று ராத்திரிதான் வழிக்கு வந்தது.

சிறிதாக்கும் விகிதத்தில் தப்பே இல்லை. அகலம், உயரம் இரண்டுக்கும் பார்த்து, எது சிறியதோ அது. ஆனாலும் சில பக்கங்கள் மட்டும் வலப்பக்கம் தள்ளி, மேலே ஏறி நின்றன. கல்யாணி வர்ணத்தின் சிட்டைஸ்வரத்தில் ஒவ்வொரு வரியிலும் கடைசி ஸ்வரம் தாளுக்கு வெளியே போய்விட்டது. அசல் கோப்பைத் திறந்தாலோ எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது!

கடைசியில் ஸ்கேல் எடுத்து, அச்சடித்த தாளையே அளந்தேன். 15 இருக்க வேண்டிய இடது ஓரம் 33.5 மி.மீ. இருந்தது. 18.5 அதிகம். அந்தப் பக்கத்தின் கிராப்பாக்ஸை, அதாவது பக்கத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் பெட்டியைப் பார்த்தால் இடது, கீழ், வலது, மேல் விளிம்புகள் 108, 60, 1188, 1500 பாயின்ட் (பிடிஎஃபின் நீள அலகு). ஸ்கேன் செய்த ஆப் ஓரத்தை வெட்டியபோது படத்தைத் தொடவே இல்லை, பெட்டியை மட்டும் சுருக்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதி 0-இல் அல்ல, 108-இல் தொடங்குகிறது. அகலம் 1080, ஏ4-இல் ஓரங்கள் போக எனக்குக் கிடைக்கும் அகலம் 524.4 பாயின்ட், விகிதம் 0.4856. 108-ஐ அதால் பெருக்கினால் 52.4 பாயின்ட். ஒரு மில்லிமீட்டருக்கு 2.835 பாயின்ட் என்று வகுத்தால், அதே 18.5! அந்த விடையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மேலே ஏறிய 10 மி.மீ. அந்த 60-இன் வேலை.

இதில் வரிசைதான் உயிர். முதலில் -108, -60 நகர்த்த வேண்டும், அப்புறம் சிறிதாக்க வேண்டும், ஓரத்துக்கான நகர்த்தல் கடைசியில். ஓரத்தை முன்னாலேயே சேர்த்தால் அதுவும் கூடவே சுருங்கி 15 மி.மீ. ஏழு சொச்சமாகிவிடும். ரொட்டேட் 90 (90 டிகிரி திருப்பிக் காட்டு) என்ற குறியுள்ள பக்கங்களில், பெட்டியை அளக்கும் முன்பே அந்தச் சுழற்சியை உள்ளடக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அகலமும் உயரமும் இடம் மாறிவிடும்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பக்கத்தைத் தாளுக்குப் பொருத்தும் ஃபிட்பேஜ் வசதி இதை ஒரே வரியில் முடித்துவிடும், வாஸ்தவம்தான். ஆனால் இரட்டைப்படைப் பக்கங்களில் பைண்டிங் ஓரம் வலப்பக்கம் போக வேண்டுமே, அதற்கு நம் கையால் எழுதுவதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

தாள் விஷயம்: 80 ஜிஎஸ்எம்மில் பின்பக்கத்து ஸ்வரம் முன்னால் தெரிகிறது, 100 வாங்கிவிட்டேன். ஜெராக்ஸ் கடையில் "ஆக்சுவல் சைஸ் போடுங்கண்ணா" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஃபிட் என்று இருந்தால் பிரின்டர் இன்னொரு முறை சுருக்கி, போட்ட கணக்கையெல்லாம் கெடுத்துவிடும்.

அடுத்து ஏ5 கையேடு. ஏ4-ஐப் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, 0.707-ஆல் சிறிதாக்கினால் போதும், ஓரம் வீணாகாது. கச்சேரிக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொள்ள பெரியம்மா அதைத்தான் கேட்கிறார். தைக்க மெழுகு நூல் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன், இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரே படமாக எடுத்தவை 23 பாக்கி. நோட்டின் நடு மடிப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது.