தவிட்டுக்கு வாங்கிய பெயர்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் ஊருக்குக் குடிவந்த முதல் வாரம் எங்கள் தபால் பெட்டியில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று எனக்கு வந்தது. உறையின் மேல் என் பெயரோடு 'எஃப்.என்.யு.' என்று அச்சிட்டிருந்தார்கள். மற்றொன்று 'வெங்கட' என்ற யாருக்கோ வந்தது. வீட்டு எண் மழையில் கரைந்திருந்ததால் தபால்காரர் எங்கள் பெட்டியில் போட்டுவிட்டார்.

என் உறையில் இருந்த மூன்றெழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. தமிழ்நாட்டில் நமக்கு அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. அமெரிக்க விசாவில் என் பெயரைக் குடும்பப்பெயரின் இடத்துக்கு நகர்த்திவிட்டு, காலியான இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கத்தைப் போட்டுவிட்டார்கள். பிறகு வங்கி, மருத்துவக் காப்பீடு, நூலக அட்டை என்று எங்கே போனாலும் அதுவும் கூடவே வந்தது. எனக்குப் பெயர் வைத்தவர் என் பாட்டி. அந்தப் பெயரைத் 'தெரியவில்லை' என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்தபோது உண்மையாகவே மனம் வலித்தது.

வெங்கடவைத் தேடிப் போனேன். எங்கள் கட்டடத்தில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள். முதல் வீட்டுக்காரர், "வெங்கட என்று என்னை அலுவலகத்தில்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் பிரவீண்" என்றார். இரண்டாமவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பருத்திப் புடவை, அதன் மேல் மகனுடைய குளிர்கால மேல்சட்டை. கடிதம் அவருடைய மகனுக்கு வந்ததுதான். எனக்குத் தெரிந்த தெலுங்கில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தார்.

"எந்த ஊர் அம்மாயி?"

"திருத்தணி."

"சுப்பிரமணிய சுவாமி கொண்டயா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொண்ட என்றால் மலை.

அன்றிலிருந்து அவர் எனக்குப் பெத்தம்மா. விஜயநகரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்தார். திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எங்கள் கடைவீதியில் இரண்டு மொழிகளும் புழங்கும். அந்தக் கடைவீதித் தெலுங்கு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி எனக்கு ஒரு பெரியம்மாவைத் தேடித் தரும் என்று நினைத்ததே இல்லை.

நவம்பர் முடிவதற்குள் வெளியே நடக்க முடியாத குளிர் வந்துவிட்டது. மாலை நான்கரைக்கே இருட்டியது. நாங்கள் இரண்டாவது மாடி நடைகூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்போம். கதவுகளில் ஒட்டியிருந்த பார்சல் சீட்டுகளில் உள்ள பெயர்களை நான் படிப்பேன். பெத்தம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பெயரைச் சொன்னதும் அந்த வீட்டுக்காரரின் ஊரைச் சொல்லிவிடுவார். அப்பலநாயுடு என்றால், "எங்கள் பக்கத்துப் பிள்ளை. சிம்மாசலத்து அப்பன்னா கொடுத்த பெயர்." யாதகிரி என்றால் தெலங்கானா, யாதகிரிகுட்டா நரசிம்மர். கோட்டேஸ்வர ராவ் என்றால் குண்டூர்ப் பக்கம், கோட்டப்பகொண்டா சிவன். நூகராஜு என்றால் அனகாபள்ளி நூகாலம்மா. பைடிராஜு என்றால் அவருடைய சொந்த விஜயநகரத்துப் பைடிதல்லி. இதில் எனக்குப் பெரிய வியப்பு, கோயில் இருக்கும் ஊரின் பெயரையே மனிதருக்கு வைத்துவிடுவது. சிம்மாசலம், அன்னவரம், பத்ராசலம், ஸ்ரீசைலம் எல்லாம் ஆட்களின் பெயர்கள். திருமலையின் ஏழு மலைகளையும் சேர்த்து 'ஏடுகொண்டலு' என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள்.

சிம்மாசலம் விசாகப்பட்டினத்தை ஒட்டிய மலை. அங்கே வராக நரசிம்மரை ஆண்டு முழுவதும் சந்தனத்தால் மூடியே வைத்திருப்பார்கள். அட்சய திருதியை அன்று ஒரு நாள்தான் உண்மை உருவத்தைப் பார்க்கலாம். அந்த ஒரு நாள் தரிசனத்துக்காகத் தான் நின்ற வரிசையைப் பெத்தம்மா சொல்லிக்கொண்டே வந்தபோது, நியூ ஜெர்சியின் வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன.

மூன்று வெங்கடக்களின் விளக்கமும் அந்த நடையில்தான் கிடைத்தது. பெரும்பாலான தெலுங்குக் குடும்பங்களில் பிள்ளையின் பெயரில் முதலில் நிற்பது இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர். பெரும்பாலும் அது மூதாதையரின் ஊர். அதன் பிறகு தெய்வத்துக்கான பெயர்கள் வரும்: வெங்கட, நாக, சத்ய, சாய். வீட்டில் கூப்பிடும் பெயர் கடைசியில் வரும். கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லக்ஷ்மணின் முழுப்பெயர் வங்கிபுரப்பு வெங்கட சாய் லக்ஷ்மண். வீடு, வேங்கடவன், சாயிபாபா, பிறகுதான் அவர். படிவத்தில் இதைத் திருப்பிப் போட்டால் வீட்டுப்பெயர் கடைசிக்குப் போகும், வெங்கட முன்னால் வந்து நிற்கும். அமெரிக்கக் கணினிக்கு முதல் சொல்தான் மனிதர். அதனால் ஆயிரம் குடும்பங்களின் வேண்டுதல், ஆயிரம் பேரின் அழைக்கும் பெயராகிவிடுகிறது.

தமிழர்களாகிய நாம் இதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் கவனிக்கவில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற பெயரில் எஸ்.பி. அவருடைய தந்தையின் முதலெழுத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஸ்ரீபதி பண்டிதாராத்யுல என்ற வீட்டுப்பெயர். தந்தை சாம்பமூர்த்திக்கும் அதே எஸ்.பி.தான். பி. சுசீலாவின் 'பி' புலபாக. எஸ். ஜானகியின் 'எஸ்' சிஷ்ட்லா. எங்கள் திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணனின் சர்வபள்ளியும் அப்படித்தான்; நெல்லூர் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது. அவர் படத்தை மாட்டிய பள்ளியில் பத்தாண்டுகள் படித்த நான் இதை எடிசனில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெலுங்கரைக் கேலி செய்ய நம்மவர்கள் எல்லாச் சொல்லுக்கும் 'லு' சேர்ப்பார்கள். சிறுவயதில் என் வகுப்பிலும் அது நடந்தது. ராமுலு, ஆஞ்சநேயுலு, வெங்கடேஸ்வர்லு ஆகியவற்றில் இருக்கும் அந்த 'லு' பன்மை விகுதி. நாம் மரியாதைக்கு 'அர்' சேர்ப்பதுபோல அவர்கள் 'லு' சேர்க்கிறார்கள். ராமுடு என்றால் ராமன், ராமுலு என்றால் ராமர். ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயரிலும் அதே மரியாதைதான் இருக்கிறது. அந்தக் கேலியை இனி யார் செய்தாலும் நான் சும்மா இருக்கப்போவதில்லை.

சுப்பிரமணியர் பெயரில் எனக்கும் பெத்தம்மாவுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. எங்கள் ஊரில் அவர் வேலோடு மலைமேல் நிற்கும் முருகன். தெலுங்கு நாட்டில் அவரைப் பாம்பு உருவில் கும்பிடுகிறார்கள். தீபாவளிக்குப் பின் வரும் நாகுல சவிதியில் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். பிள்ளைவரம் கேட்டுப் புற்றைச் சுற்றியவர்களுக்குக் குழந்தை பிறந்தால் சுப்பாராவ், சுப்பம்மா, நாகேஸ்வர ராவ், நாகமணி என்று பெயர் வரும். நெல்லூர், குண்டூர்ப் பக்கம் தர்காவில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு மஸ்தானய்யா, மஸ்தானம்மா என்று இந்துக் குடும்பங்கள் பெயர் வைக்கின்றன. அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றினார்கள்.

எல்லாப் பெயர்களும் கோயிலிலிருந்தோ தர்காவிலிருந்தோ வந்தவை அல்ல. நாத்திகர் கோரா, உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930இல் பிறந்த மகனுக்கு லவணம், அதாவது உப்பு, என்றே பெயர் வைத்தார். ஒன்பதாவது பிள்ளைக்கு ஒன்பது என்னும் பொருளில் நௌ. ராமாயணம் பாடிய மொல்லாவின் பெயர் ஒரு மல்லிகை வகை. நம் முல்லையின் உடன்பிறப்பு.

பெத்தம்மாவின் பெயரை மட்டும் நான் கேட்கவில்லை. பெரியவர்களின் பெயரைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவரும் சொல்லவில்லை.

அவருடைய பேத்தி சிரி. 2010இல் பிறந்தவள். முதன்முதலில் கேட்டபோது என் தமிழ்க் காதுக்குச் சிரிப்பாகவே ஒலித்தது. தெலுங்கில் சிரி என்றால் செல்வம், செழிப்பு; நாம் திரு என்கிறோமே, அதன் இன்னொரு முகம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிறப்புப் படிவத்தை நிரப்பித் தரவேண்டியிருந்ததால் பெயர் அன்றே காகிதத்தில் ஏறிவிட்டது. ஆனால் இருபத்தோராம் நாள் பாரசால என்னும் பெயர்சூட்டும் சடங்கு நடத்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் தங்க மோதிரத்தால் அப்பா அந்தப் பெயரை எழுதிய பிறகுதான் பெத்தம்மாவின் கணக்கில் அவள் சிரி ஆனாள். அடுத்த ஆண்டு, 2011 அக்டோபரில், ஆப்பிள் போனில் பேசும் குரலுக்கு அதே பெயரில் ஒன்று வந்தது.

பள்ளியில் பிள்ளைகள் அவளை அந்தப் பெயரைச் சொல்லி ஏவினார்கள். மணி என்ன, மழை வருமா, ஒரு பாட்டுப் போடு. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அழுதுகொண்டே வந்தாள். பெயரை மாற்ற வேண்டும், எமிலி போதும் என்றாள். அவள் அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது அவருடைய குரலும் தழுதழுத்தது.

பிப்ரவரியில் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். குடும்ப மரம் வரைய வேண்டும்; தாத்தா பாட்டிகளின் பெயர்களை எழுதி, பொருளையும் எழுத வேண்டும். சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். உணவு மேசையில் பெரிய அட்டை விரித்திருந்தது. தாத்தாவின் பெயர் சத்தியநாராயணா, அன்னவரத்து சுவாமி. பாட்டியின் கட்டத்தில் வந்ததும் மகன் தயங்கினார். "லக்ஷ்மி என்று எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை பிறந்தவர்தானே" என்றார். மருமகள் எதுவும் சொல்லவில்லை.

பெத்தம்மா மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு வந்தார். "ஏன், என் பெயருக்கு என்ன? தவிட்டம்மா என்று எழுது" என்றார்.

சிரி பொருள் கேட்டாள். மகன் தரையைப் பார்த்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. தவிடு! தெலுங்கில் தவுடு, நமக்குத் தவிடு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லித்தான் என் அம்மா என்னைச் சீண்டுவார். அது வெறும் சீண்டல் என்றே நினைத்திருந்தேன்.

பெத்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாக அவர் பிறந்ததும், அவருடைய அம்மா குழந்தையை முறத்தில் கிடத்தி, பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை. பிறகு கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். தவிட்டுக்கு விற்ற பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காது. அந்தப் பக்கத்தில் தவிட்டய்யா, தவிட்டிநாயுடு, தவிட்டம்மா என்று பெயர் உள்ளவர்கள் எல்லோரும் அப்படிப் பிழைத்த பிள்ளைகள். குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தவர்கள் பெண்டய்யா, பெண்டம்மா. எச்சில் இலையில் கிடத்தி எடுத்தவர்கள் புல்லய்யா, புல்லம்மா. நம் குப்பனும் குப்பம்மாளும் பிச்சையும் வந்த வழியும் இதுதானே என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் சொந்தத்தில் இருக்கும் ஒரு குப்பம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்கள் அம்மாவுக்குப் பயமாக இருந்ததா?" என்று சிரி கேட்டாள்.

"எனக்கு ஐந்து வயதாகும்வரை எல்லோர் முன்னாலும் என்னைக் கொஞ்சமாட்டாள்" என்றார் பெத்தம்மா. "இரவில் தூங்கிவிட்டேன் என்று நினைத்துத்தான் கொஞ்சுவாள்."

மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இந்தக் கதையை அவரும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை என்று அவர் தோள்களைப் பார்த்தபோது தெரிந்தது. திரும்பி வந்தவர், 'லக்ஷ்மி' என்று தான் எழுதத் தொடங்கியிருந்த எழுத்தை ரப்பரால் அழித்தார்.

சிரி தன் கையெழுத்தில் பெயரை எழுதினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன்கீழே அப்பா சொல்லிக்கொடுக்கத் தெலுங்கில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு முறம் வரைந்தாள். முறம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான் பாதி வரைந்து காட்டினேன். உள்ளே ஒரு குழந்தை. பிறகு பென்சிலை வாயில் வைத்து யோசித்தாள்.

"நானம்மா, எவ்வளவு தவிடு கொடுத்தார்கள்?"

பெத்தம்மா மாவு ஒட்டியிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து அவள் முன்னால் நீட்டினார். "தோசெடு" என்றார்.

"அசைக்காதே, அப்படியே வைத்திரு" என்று சொல்லிவிட்டு, சிரி அந்தக் கைகளை வரையத் தொடங்கினாள்.