யதோயாவா, ர்யோகானா, ஹோதெருவா?

ஜப்பானிய மொழியில் ஒரே விஷயத்துக்குப் பல நேரம் மூன்று சொற்கள் இருக்கும்: சொந்தச் சொல், சீன வேரிலிருந்து வந்தது, மேலைநாட்டுக் கடன். தங்கும் விடுதிக்கு யதோயா, ர்யோகான், ஹோதெரு. எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ர்யோகான் என்றால் தாதாமி பாய் விரித்த அறை, உடுத்த யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி. ஹோதெருவில் கட்டில், மெத்தை. யதோயா கொஞ்சம் பழைய காலத்துச் சத்திரம் மாதிரி.

சோறு இன்னும் வேடிக்கை. கிண்ணத்தில் வந்தால் கோஹான். மேலைநாட்டுச் சாப்பாட்டோடு தட்டில் வந்தால் அதே சோறு ராய்சு!

தொடங்குவதற்குப் பேச்சில் ஹஜிமேரு, அறிவிப்பில் கைஷி. எனக்கு எப்போதும் ஹஜிமேருதான். நண்பரிடம் போய்ச் சாப்பாட்டைக் 'கைஷி' செய்யலாமா என்றால், அரசாணை வாசிப்பதுபோல் இருக்காதா?