எங்கள் கொட்டிலைப் பதிவு செய்த கதை

"செல்லிக்குத் தலையீத்து எப்போ?" என்று கால்நடை மருத்துவர் கேட்டார். செல்லி எங்கள் பெட்டை நாய், அவள் முதன்முறை குட்டி போட்டதைத்தான் கேட்கிறார். போன பங்குனியா அதற்கு முந்தைய பங்குனியா என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டேன். குட்டி போட்ட அன்று எடுத்த போட்டோக்கள் அவள் போனில் இருந்தன. அந்தத் தேதிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மருத்துவர் ஒரு தாளில் வரிசையாக எழுதினார். எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நான்கு தேதிகள் இருந்தன. மூன்று வயது முடிவதற்குள் செல்லி நான்கு முறை குட்டி போட்டிருந்தாள்.

எங்களிடம் இருப்பவை ராஜபாளையம் நாய்கள். அப்பா காலத்தில் குட்டிகளை விற்றதே இல்லை, சொந்தக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நான்தான் விற்க ஆரம்பித்தேன். மூன்று பெட்டை, ஒரு கடுவன். கொட்டிலில் கூட்டம் கிடையாது, வயிறார சாப்பாடு போடுகிறோம், யாரையும் அடிப்பதில்லை. அதனால் நாய் வளர்ப்பாளர்களுக்குச் சட்டம் என்று காதில் விழுந்தபோதெல்லாம், கூண்டுக்குள் முப்பது நாற்பது நாயை அடைத்து வைத்துக் காசு பார்ப்பவர்களுக்கானது என்றே நினைத்திருந்தேன்.

நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான அந்த விதிகள் வந்தது 2017 மே மாதம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. எனக்கு அது உறைத்தது 2024ல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்ட பிறகுதான். பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் என்று 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற பட்டியலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நாட்டு நாய்தானே, நமக்கென்ன என்று நானும் இருந்தேன். தடுப்பூசி போடப் போன இடத்தில் மருத்துவர்தான், "குட்டியை விக்கிறீங்கல்ல? அப்போ சட்டப்படி நீங்களும் ப்ரீடர்தான். மூணு நாயா இருந்தாலும் மாநில விலங்கு நல வாரியத்துல பதியணும்" என்றார். விண்ணப்பம் எழுதவும் அவரே உதவினார். அப்படி உட்கார்ந்தபோதுதான் அந்த நான்கு தேதிகள் வெளியே வந்தன.

விதி என்ன சொல்கிறது என்றால், பெட்டைக்கு 18 மாதம் ஆகும்முன் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. செல்லியை நான் 13 மாதத்தில் இணை சேர்த்திருந்தேன். பருவத்துக்கு வந்துவிட்டாள், ஆளும் வளர்த்தியாக இருக்கிறாள் என்பதுதான் அன்றைக்கு என் கணக்கு. அதன்பிறகு ஒரு பருவத்தைக்கூட விடவில்லை. சினைக்காலம் 63 நாள், அப்புறம் ஒன்றரை மாதம் பால் கொடுப்பது, உடம்பு தேறி வருவதற்குள் அடுத்த பருவம். நான்காவது ஈத்துக்குப் பிறகு அவள் முதுகில் கை வைத்தால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கால்சியம் மருந்து வாங்கி ஊற்றினேனே தவிர, காரணம் நான்தான் என்று தோன்றவில்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்த விதிகளை எதிர்க்கிறவர்கள் 'நாங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது. நானும் பிள்ளை மாதிரிதான் வளர்த்தேன்.

சரி, பதிவுக்கு வருகிறேன். கட்டணம் 5,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. பதிவு இரண்டு வருடத்துக்குச் செல்லும். முதல் தடவை தடுப்பூசி அட்டைகளின் நகல் வைக்காமல் அனுப்பிவிட்டேன். தப்பு என் மேல்தான், மறுபடி அனுப்பினேன். இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, பார்வையிட யாரும் வராமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார். யாரும் வந்து பார்க்காமல் வாங்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பார்வையிட ஒரு மருத்துவரும் விலங்கு நல அமைப்பைச் சேர்ந்த ஓர் அம்மாவும் வந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறார்கள் என்று காலையிலிருந்தே எனக்குப் படபடப்பு. அந்த அம்மா வந்ததும் நேராகக் கொட்டிலுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மணி பதினொன்று இருக்கும். பத்து நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்களும் கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நான்கு வருடமாகத் தினமும் பெருக்குகிற இடம்தான். ஆனால் நாயின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சூடு மேலிருந்து தலையில் இறங்கியது. காற்று வரும் ஜன்னல் எனக்குத்தான் எட்டும், நாய்களுக்கு எட்டாது.

கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து, கீழ்மட்டத்தில் கம்பி வைத்த திறப்பு ஒன்று விட்டேன். நோயுற்ற நாயைத் தனியாக வைக்க ஓர் அறை வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் மனத்துக்குள் முணுமுணுத்தேன், இருப்பதே நான்கு நாய். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு குட்டிக்கு வந்தால் அந்த ஈத்தே போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் ஐந்து குட்டிகளைப் புதைத்தவன் நான். பழைய விறகு அறையைக் காலி செய்து, கழுவிவிட வசதியாகச் சிமெண்டுத் தளம் போட்டேன்.

சான்றிதழ் வந்த பிறகு விற்கிற முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் 35 நாளில் குட்டியைக் கொடுத்துவிடுவேன். வாங்குகிறவர்களும் குட்டி சின்னதாக இருந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்பார்கள். இப்போது எட்டு வாரம் ஆகாமல் கொடுக்கக் கூடாது. அந்தக் கூடுதல் மூன்று வாரம் எவ்வளவு முக்கியம் என்று கண்ணால் பார்த்தேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது பல் கொஞ்சம் அழுந்தினால், கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்தது முழித்துக்கொண்டு நிற்கும். மறுபடி வாய் வைக்கும்போது மெதுவாக வைக்கும். அதை நான் எந்தக் குட்டிக்கும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. விற்பதற்குமுன் மைக்ரோசிப்பும் போட வேண்டும். அரிசிமணி அளவுதான், தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசி மாதிரி ஏற்றுகிறார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். நாளைக்கு யாராவது தெருவில் விட்டுவிட்டால் யார் வீட்டுக் குட்டி என்று கேட்க வழி உண்டு.

எனக்கு ஆதங்கமும் உண்டு. மூன்று பெட்டை வைத்திருப்பவனுக்கும் முப்பது வைத்திருப்பவனுக்கும் ஒரே கட்டணம் சரியில்லை. நாய் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி இருந்தால் நாட்டு நாய் வைத்திருக்கும் சின்ன ஆட்கள் பயப்படாமல் வந்து பதிவார்கள். ஆனால் வருடத்துக்கு ஓர் ஈத்து, எட்டு வாரம் இரண்டிலும் யார் கேட்டாலும் கைவைக்கக் கூடாது.

செல்லிக்குக் கருத்தடை செய்துவிட்டேன். உடம்பு தேறி, வாசல்படியில் படுத்திருக்கிறாள். அவளுடைய கடைசி ஈத்தில் ஒரு குட்டிக்குக் காது கேட்காது. இந்த இனத்தில் அது அடிக்கடி நடப்பதுதான். உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால் வருவது என்று மருத்துவர் சொன்னார். நான் சாவிக்கொத்தை அதன் பின்னால் குலுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மற்ற குட்டிகள் எல்லாம் திரும்பின, இது மட்டும் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு குட்டியும் எங்கே போனது என்று இப்போது பதிவேட்டில் குறித்து வைக்கிறேன். காது கேட்காத அந்தக் குட்டியின் எண்ணுக்கு நேரே 'எங்கள் வீட்டில்' என்று எழுதியிருக்கிறேன். கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் இரண்டு முறை தட்டுவோம். ஓடி வந்துவிடும்.