ஒரு ஸ்பிளின்ட்டுக்கு நான்கு முறை மலை இறங்கினோம்

மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். இரண்டு கால்களிலும் இறுக்கம், நுனிக்காலில்தான் நடப்பாள். மாற்றுத்திறனாளி அட்டை வேலையெல்லாம் ஊட்டியில் சுலபமாக முடிந்தது. படுத்தியது ஸ்பிளின்ட்தான், அதாவது பாதத்தையும் கணுக்காலையும் சரியான நிலையில் பிடித்து வைக்க, கால் அளவுக்கு அச்செடுத்துச் செய்யும் தாங்கி.

கோத்தகிரியில் விடியற்காலை பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மாறி, கோவை போனோம். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அளவெடுக்க மாவுத்துணி சுற்றியபோது பயத்தில் காலை விறைத்துக்கொண்டாள். பாதம் கீழ்நோக்கி நீட்டியே இருந்தது. "அழுகை நிற்கட்டுமே" என்றேன். "பின்னாடி ஆள் நிக்கிறாங்கம்மா" என்று அப்படியே அச்சு எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போய் வாங்கி வந்தோம். குதிகால் உள்ளே இறங்கவே இல்லை. போனில் கேட்டால், "போடப் போடச் சரியாயிடும்." நம்பி வாரை இன்னும் இறுக்கிக் கட்டினேன். கணுக்காலில் கொப்புளம் வந்துவிட்டது. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

பள்ளிக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்தான் கண்டுபிடித்தார். குதிகாலுக்குக் கீழே விரலை விட்டார், முழு விரலும் போனது. கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும்போது பாதத்தை மேல்நோக்கி வலுவாக மடக்கினால், குதிகால் மேலேயே நின்று நடுப்பாதம் வளைந்துவிடுமாம். பார்ப்பதற்குப் பாதம் பதிந்த மாதிரியே தெரியும்! எலும்பு வளரும் வேகத்துக்கு இந்தத் தசை நீளாது, அதனால் வளர வளர இறுக்கம் கூடும் என்றார். தை மாதக் குளிரில் காலையில் அவள் கால் கட்டையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எலும்பு டாக்டர் வாரம் ஒன்றாக நான்கு மாவுக்கட்டு மாற்றிப் போட்டார். பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், சின்ன வயதில் செய்தால் மறுபடி இறுக வாய்ப்பு அதிகம் என்றார்.

மூன்றாம் முறை அளவெடுக்கும் முன் பால் கொடுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி வைக்கச் சொன்னேன், கெண்டைக்கால் தளரும். யார் முணுமுணுத்தாலும் அவசரப்படாதீர்கள். வாங்கும்போது அங்கேயே போட்டு நடக்கவிட்டு, கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் இருபது, முப்பது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் திருத்தித் தரச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

நான்காம் முறை வாங்கி வந்தது சரியாக உட்கார்ந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பட நின்றாள். ஆனால் பழைய பள்ளி ஷூ அதற்கு மேல் நுழையவில்லை. ஒரு அளவு பெரிய ஷூ வேண்டும். அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.