வைவாவுக்கு முன்: ஆற்று முதுகெலும்பிலிகளின் டிஎன்ஏ பார்கோடிங்

ஆற்றுப் பூச்சி, நத்தை போன்றவற்றை டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டை வைத்து இனம் காண்பதுதான் (டிஎன்ஏ பார்கோடிங்) என் புராஜெக்ட். மதிப்பெண் வந்துவிட்டது, பெரிய நிம்மதி. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆரைப் பற்றி உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. புராஜெக்ட் கவிழ்வதும் அங்கே இல்லை, எத்தனால் பாட்டிலில்தான்.

வலையில் அள்ளியதை 95 சதவீத எத்தனாலில் போட்டதோடு வேலை முடியாது. பூச்சிகளின் உடல்நீரும் சருகில் தேங்கிய நீரும் கலந்து செறிவு இறங்கிவிடும். டிஎன்ஏ சிதையத் தொடங்கும். மாதிரி ஒரு பங்கு என்றால் எத்தனால் குறைந்தது மூன்று பங்கு. 24 மணி நேரத்துக்குள் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், பிறகு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள். லேபிளைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். பிசிஆர் முடிந்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது டிஎன்ஏ பட்டை வராவிட்டால் எல்லோரும் ப்ரைமரைத்தான் (பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) குறை சொல்வார்கள். முதலில் பாட்டிலைப் பாருங்கள்.

தட்டான் இளவுயிரி போன்ற பெரியவற்றுக்கு ஒரு கால் போதும். வயிற்றைத் தொட்டால் அது தின்ற இரையின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். படம் எடுத்த பிறகே காலை வெட்டுங்கள். மீதி உடல்தான் வவுச்சர், அதாவது பிறகு சரிபார்க்கப் பாதுகாத்து வைக்கும் சான்று மாதிரி. நத்தையின் சளி பிசிஆரைத் தடுக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் சளியை நீக்க உதவும் சிடிஏபி என்ற வேதிப்பொருள் முறையில் மறுபடி பிரித்தெடுங்கள்.

வைவாவில் மடக்கும் இடங்கள்:

- ஃபோல்மர் ப்ரைமர்கள் (1994) தரும் சிஓஐ (பார்கோடாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணு) துண்டு சுமார் 710 கார இணை. ப்ரைமர்களைக் கழித்தால் 658.
- வரிசையைப் புரதமாக மாற்றும்போது முதுகெலும்பிலி மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டை, அதாவது 5ஆம் அட்டவணையை, தேர்ந்தெடுங்கள். பொது அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து, புரதம் முடியும் இடத்தைக் காட்டும் நிறுத்தக் குறியாகத் தெரியும். இங்கே அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். சரியான அட்டவணையிலும் நடுவே நிறுத்தம் வந்தால் உட்கருவின் டிஎன்ஏவுக்குள் நுழைந்துவிட்ட மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் போலிப் பிரதியைச் சந்தேகியுங்கள்.
- மாதிரி டிஎன்ஏ சேர்க்காத நெகட்டிவ் கன்ட்ரோலில் பட்டை தெரிந்தால் அது கலப்படம்; அந்த பேட்ச் முழுவதையும் திரும்பச் செய்யுங்கள்.
- கலந்த மாதிரியிலுள்ள பல இனங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் மெட்டாபார்கோடிங்கில், கிடைக்கும் டிஎன்ஏ வரிசைகளின் (வாசிப்பு) எண்ணிக்கை உயிர்களின் எண்ணிக்கை ஆகாது. உடல் பருமனும் ப்ரைமர் பொருத்தமும் அதை மாற்றிவிடும்.

டிஎன்ஏ வரிசையில் 2 சதவீத வேறுபாட்டை இன எல்லை என்று மனப்பாடமாய் ஒப்பிக்காதீர்கள். அது கைக்கணக்குதான், குழுவுக்குக் குழு மாறும். பார்கோடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் போல்டு தரவுத்தளத்தில் நெருங்கிய பொருத்தம் கிடைக்காத கைரோனோமிட் (கடிக்காத கொசு போன்ற ஈக் குடும்பம்) புழுவுக்கு இனப்பெயர் ஒட்டவே வேண்டாம். குடும்பப் பெயரோடு நிறுத்தி, பொருத்த சதவீதத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.