ஆர்.ரி.கே எடுப்பிக்க முன்னர் பலகையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் கமக்காரர் அமைப்புக்காக எடுப்பித்த ஆர்.ரி.கே பெட்டி (செய்மதி அலையைக் கொண்டு சென்ரிமீற்றர் கணக்கில் இடமும் உயரமும் அளக்கும் கருவி) ஒருவழியாகக் கிளிநொச்சிக்கு வந்து வேலையும் செய்கிறது. ஆனால் அது கொழும்பில் கிடந்த காலத்துக்குள் இங்கே உழவு முடிந்துவிட்டது. வயல் மட்டம் பார்க்க வேண்டிய நேரத்தில் கையில் கருவி இல்லை. பொதியை மறித்து வைத்தது அனுமதி விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரேயொரு கட்டம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்ததாக எடுப்பிக்கிறவர்கள் அதே இடத்தில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் சிப் யூ-புளொக்ஸின் இசட்.ஈ.டி-எப்9பி, சுருக்கமாக எப்9பி. சூரிச்சுக்குப் பக்கத்தில் தால்வில் என்ற ஊரில் இருக்கும் சுவிஸ் கொம்பனி, தொடங்கியது 1997இல். செய்மதி நிலைகாண் சிப்பும் அவர்களே செய்கிறார்கள், புளூருத், வைபை மொடியூலும் செய்கிறார்கள். சிக்கல் வந்தது இந்த இடத்தில்தான். எப்9பி வெறும் வாங்கி. ஜீ.பீ.எஸ் செய்மதிகளிடமிருந்து 1575.42 மெகாஹேர்ட்ஸிலும் (எல்1) 1227.60 மெகாஹேர்ட்ஸிலும் (எல்2) வருவதைக் கேட்கும், எதையும் அனுப்பாது. நாங்கள் எடுப்பித்ததோ கொம்பனியின் சி099 சோதனைப் பலகை. அதில் எப்9பிக்குப் பக்கத்தில் ஓடின்-டபிள்யூ2 என்ற புளூருத்-வைபை மொடியூலும் ஒட்டியிருக்கிறது. அது அனுப்பும். அனுப்பும் சாதனம் என்றால் 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதி வேண்டும்.

பற்றுச்சீட்டில் கடைக்காரர் ‘ஜீ.பீ.எஸ் மொடியூல்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பெட்டியின் மேல் சி099 என்றிருந்தது. பலகையின் நடுவில் இருந்த சிப்பில் இசட்.ஈ.டி-எப்9பி என்றும் அதன் பின்னால் ஒரு எண்ணும் எழுத்தும். மூன்று இடத்தில் மூன்று பெயர். அனுமதி தரும் அலுவலகத்து லிகிதர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவை ஒரே பொருளென்று தனக்குத் தெரியவில்லை என்றார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அடுத்ததை. படிவத்தில் ‘அனுப்பும் வலு’ என்று ஒரு கட்டம். வாங்கி எதையும் அனுப்பாது என்பதால் அது வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருக்கிறது என்று படிவம் திரும்பியது. ஏன் வெறுமை என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை, தொலைபேசியிலும் சொல்லவில்லை. நேரில் போன பிறகுதான் தெரிந்தது. ஏ9இல் இரவு பஸ் ஏறிப் போய், ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு வருவதற்கு ஒரு பயணம்.

அந்தக் கட்டத்தை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். எதையும் அனுப்பாத பகுதிக்கு ‘0, வாங்கி மட்டும்’ என்று எழுதுங்கள். கோடு போட்டாலும் காணாது, எழுத்திலேயே இருக்கட்டும்.

கடைசியில் வேலையை முடித்துத் தந்தது நாங்களே தயாரித்த ஒரு பக்கத் தாள். பலகையில் உள்ள ஒவ்வொரு வானலைப் பகுதிக்கும் ஒரு வரி: பெயர், தொடர் இலக்கம், அலைவரிசை, வாங்குமா அனுப்புமா, அனுப்பினால் எவ்வளவு வலு. எப்9பிக்கு ஒரு வரி, ஓடினுக்கு இன்னொரு வரி. பெட்டியில், சிப்பில், பற்றுச்சீட்டில் உள்ள பெயர்கள் மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவை என்று கீழே ஒரு வசனம். கொம்பனியின் இணக்கச் சான்றிதழும் தரவுத்தாளின் முதல் பக்கமும் பின்னால் இணைப்பு. எதற்குப் பாவிக்கப் போகிறோம் என்று அமைப்பின் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதமும் சேர்த்தோம். வன்னி முகவரி என்றால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும், கேட்க முன்னரே கொடுத்துவிடுவது நல்லது. தாளைப் பார்த்த அதிகாரி இரண்டாவது வரியை மட்டும் விரலால் தொட்டு, ‘இதுக்குத்தான் அனுமதி’ என்றார். பிறகு தடை இல்லை.

இன்னும் நல்ல வழி, அனுப்பும் பகுதியே இல்லாத பலகையை வாங்குவது. எப்9பியும் யூ.எஸ்.பி துவாரமும் மட்டும் உள்ள சாதாரணப் பலகைகளைப் பல கடைகள் விற்கின்றன. ஆர்.ரி.கேக்கு இரண்டு வாங்கி வேண்டும்: ஒரே இடத்தில் நின்று திருத்தத் தரவு தரும் பேஸ், வயலில் கொண்டு திரியும் ரோவர். ரோவரை ஓ.ரி.ஜீ (போனில் யூ.எஸ்.பி சாதனம் செருகும்) கேபிளால் போனில் செருகி, எஸ்.டபிள்யூ மப்ஸ் செயலியில் என்.ரிரிப் (திருத்தத் தரவை இன்ரர்நெற்றால் தரும் முறை) கணக்கைப் போட்டால் திருத்தத் தரவு போனின் இன்ரர்நெற் வழியே வரும். புளூருத் தேவையே இல்லை. மணிக்கு 2, 3 எம்.பி.தான் செலவு. கேபிள் இழுபடும், செருகும் இடம் தளரும், வரம்பில் நடக்கும்போது கையை அறுக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொதி கைக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே இருப்பது உண்மையான சிப்பா என்று பார்ப்பது. நியோ-6, நியோ-எம்8 என்று பெயர் ஒட்டிய போலிகள் சந்தையில் நிறைய. கொம்பனியின் யூ-சென்ரர் மென்பொருளில் யூ.பி.எக்ஸ் பகுதிக்குள் மொன்-வேர் என்ற செய்தியைத் திறந்தால், மொடியூலின் பெயரும் உள்மென்பொருள் பதிப்பும் வரிவரியாக வரும். போலி அந்தக் கேள்விக்குப் பதிலே தராது, அல்லது பொருந்தாத எதையோ தரும். பேஸிலும் ரோவரிலும் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும். அன்ரனாவையும் கவனியுங்கள். பழைய காந்த அன்ரனா எல்1 மட்டும்தான் வாங்கும், அதைப் பூட்டினால் எப்9பி வாங்கியதில் பாதிப் பயன் போய்விடும். எல்1, எல்2 இரண்டும் வாங்கும் அன்ரனா வேண்டும், அதன் கீழே குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு தகட்டுத் துண்டும் வேண்டும்.

பூட்டுவதும் கணக்குத் திறப்பதும் பிரச்சினை தரவில்லை. பேஸ் ரோவருக்கு அனுப்ப வேண்டிய திருத்தச் செய்திகளின் இலக்கங்கள் 1005, 1074, 1084, 1094, 1124, 1230. 1005 இல்லாவிட்டால் பேஸ் எங்கே நிற்கிறது என்று ரோவருக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் நின்றாலும் பிக்ஸ் (சென்ரிமீற்றர் அளவில் இடம் உறுதியான நிலை) வராது.

பேஸ் வைக்கும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி, பனை, பாலை எதுவும் பக்கத்தில் நிற்கக்கூடாது. செய்மதி அலை அவற்றில் பட்டுத் தெறித்து வந்தால் பிக்ஸ் என்று காட்டிக்கொண்டே அளவு பிழைக்கும். கொங்கிறீற் மொட்டைமாடியில் இரும்புக் குழாயை அசையாமல் சீமெந்து போட்டு நிறுத்துங்கள். இங்கே குரங்குத் தொல்லை தெரிந்ததே, அன்ரனா கேபிளை முழு நீளத்துக்கும் பீ.வீ.சி குழாய்க்குள் விட வேண்டும். இடி மின்னல் மாதங்களில், சித்திரையிலும் ஐப்பசியிலும், வேலை முடிந்ததும் அன்ரனாவைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சேர்வே-இன். பேஸைப் போட்டதும் அது தானே தன் இடத்தைச் சராசரி எடுத்துக் கண்டுபிடிக்கும் முறை. சில நிமிடத்தில் முடிகிறது, ரோவரிலும் பிக்ஸ் வருகிறது, எல்லாம் சரியென்று தோன்றும். ஆனால் அப்படிக் கிடைத்த இடம் ஒரு மீற்றர், அதற்கு மேலும் விலகியிருக்கலாம். ஒரே நாளில் ஒரே வயலுக்குள் அளந்தால் பாதிப்பில்லை, புள்ளிகள் எல்லாம் சேர்ந்தே விலகும். மின்சாரம் போய் வந்து பேஸ் திரும்பச் சேர்வே-இன் செய்தால் புது இடம் கிடைக்கும், நேற்று எடுத்த மட்டமும் இன்று எடுக்கும் மட்டமும் ஒட்டாது. வாய்க்கால் சரிவு பார்க்கிறவர்களுக்கு அது நஞ்சு.

தீர்வு இதுதான். ரோ-எக்ஸ், எஸ்.எப்.ஆர்.பி.எக்ஸ் என்ற இரண்டு மூலத்தரவுச் செய்திகளையும் இயக்கி, பேஸ் அன்ரனாவில் ஒரு முழு நாள் பதிவு எடுங்கள். ஆர்.ரி.கே.லிப் என்ற மென்பொருளால் அதை ரைனெக்ஸ் என்ற பொதுக் கோப்பு வடிவமாக்கி, பதிவிலிருந்து இடத்தைத் துல்லியமாகக் கணித்துத் தரும் கனடிய அரசின் இலவச பி.பி.பி சேவைக்கு ஏற்றுங்கள். இறுதித் துல்லியத்துக்கு இரண்டு கிழமையளவு பொறுக்க வேண்டும், அவசரத்துக்கு மறுநாள் விடையே போதும். கிடைத்த ஆயங்களை யூ-சென்ரரில் ரி-மோட் 3 என்ற அமைப்பில் நிலையான இடமாகப் பதிந்து, பிளாஷில் சேமியுங்கள். பிளாஷ் பெட்டியில் சரி போட மறந்தால் மின்சாரம் போனதும் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும். தொடர் வாயிலில் பதிவதென்றால் தொடக்க வேகம் 38400, மூலத்தரவுக்கு அது காணாது, கூட்டிக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பியில் அந்தக் கவலை இல்லை.

உயரம் மைனஸ் எழுபது, எண்பது என்று காட்டும்போது கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். செய்மதி தருவது கணித நீள்கோள மேற்பரப்பிலிருந்து வரும் உயரம். உலகிலேயே கடல் மட்டம் அந்த மேற்பரப்புக்கு மிகக் கீழே இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே நூறு மீற்றருக்கும் மேல். வன்னியிலும் தொண்ணூறு மீற்றரைத் தாண்டுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களுக்குள் உயர வித்தியாசம் மட்டும்தான் தேவை என்பதால் மைனஸ் எண்ணோடேயே வேலை செய்யலாம். கடல்மட்ட உயரம் வேண்டுமென்றால் அறியப்பட்ட மட்டக் கல்லில் ரோவரை நிறுத்தி வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள். சிப்புக்குள் இருக்கும் ஜியோயிட் (கடல்மட்ட மேற்பரப்பு) அட்டவணை கரடுமுரடானது, அதை நம்பி வாய்க்கால் வெட்டக்கூடாது.

பொழுதுபட்ட பிறகு அளக்காதீர்கள். பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். சூரியன் மறைந்த பின் மேல்வளிமண்டலத்து அயனப் படலம் குழம்பி, செய்மதி அலை துடிக்கும். பங்குனி, புரட்டாதியை ஒட்டிய நாட்களில் மோசம். பிக்ஸ் விழுந்து ப்ளோட் (இடம் உறுதியாகாத நிலை) ஆகும், திரும்ப வரும், திரும்ப விழும். ஐரோப்பியக் கையேடுகள் எதிலும் இதற்கு அழுத்தம் இருக்காது, அவர்களுடைய வானத்தில் இது இவ்வளவு இல்லை. காலை ஆறரையிலிருந்து பத்து வரைதான் எங்களுக்கு நல்ல நேரம். வெயில் ஏறினால் போனும் சூடேறி அணைந்துவிடும்.

துல்லியத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தரவுத்தாள் 1 சென்ரிமீற்றர் என்கிறது. களத்தில் உயரத்துக்கு 2 சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2000க்கு 1 சரிவு வேண்டிய வாய்க்காலில் 100 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர்தான் இறக்கம், கருவியின் தள்ளாட்டமே அதில் பாதிக்குக் கிட்ட. ஒவ்வொரு புள்ளியிலும் கம்பை மட்டக் குமிழ் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்திச் சராசரி எடுங்கள். ரோவரை அணைத்துப் போட்டு முதல் புள்ளியைத் திரும்ப அளந்து பாருங்கள், 3 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள். மதகு, வான் போன்ற இடங்களில் தண்ணிக் குழாய் மட்டத்தால் ஒருமுறை சரிபார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கம்பு குத்தும் காணி மிதிவெடி அகற்றப்பட்டதுதானா என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ நிற்கும் பக்கம் ஒரு புள்ளிக்காகவும் கால் வைக்காதீர்கள்.

எல்லைக் கல் விசயத்துக்கு இந்த அளவுகள் செல்லாது, அது பதிவு பெற்ற நிலஅளவையாளரின் வேலை. அவர் தந்த வரைபடத்தோடு உங்கள் புள்ளிகளை ஒப்பிட வேண்டி வந்தால், வரைபடம் எந்த ஆயத் தொகுதியில் என்று முதலில் பாருங்கள். கிளிநொச்சி நகருக்குக் கிழக்கு 460,000 அளவிலும் வடக்கு 764,000 அளவிலும் இருந்தால் அது எஸ்.எல்.டி 99 என்ற புதிய தொகுதி. இரண்டிலும் 300,000 குறைவாக இருந்தால் பழைய கண்டாவளைத் தொகுதி. போன் செயலி தரும் அகலாங்கு நெட்டாங்கை மாற்றம் செய்யாமல் அந்த வரைபடத்தில் வைத்தால், காணி இருநூறு மீற்றருக்கு அப்பால் அடுத்தவர் வயலில் போய் விழும்.